மிதிவண்டியும் மாசுக் காற்றும்: ஒரு கணக்கின் குறைகள்

மாசு மிகுந்த நகரத்தில் மிதிவண்டி ஓட்டுவதால் உடலுக்கு நன்மை மிகுதியா, தீமை மிகுதியா? மார்கோ டைனியோவும் அவர்தம் குழுவினரும் 2016-இல் ‘பிரிவென்டிவ் மெடிசின்’ இதழில் இதற்கு எண்களால் விடை தந்தனர். 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகள்கள் கன மீட்டருக்கு 22 மைக்ரோகிராம் உள்ள நகரில் நெடுநேரம் ஓட்டினாலும் நன்மையே மிஞ்சும். அதுவே 100 மைக்ரோகிராம் ஆனால், நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவது தீங்காகும்.

எல்லை எப்படி வந்தது? சும்மா உட்கார்ந்திருக்கையில் நிமிடத்துக்குச் சுமார் 8 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறோம்; மிதிக்கையில் 40 லிட்டர் வரை. ஓட்டும் நேரம் கூடக்கூட உட்செல்லும் தூசியும் அதே விகிதத்தில் கூடும். உடற்பயிற்சியின் பயனோ முதலில் விரைந்து ஏறிப் பின் மந்தமாகிவிடும். இரு கோடுகளும் ஓரிடத்தில் வெட்டிக்கொள்கின்றன. அழகான கணக்குதான்.

ஆனால் திருப்பூருக்கு இதை அப்படியே பொருத்துவது சரியன்று. நகரின் சராசரியைச் சாலைக்காக இரட்டித்துக்கொள்கிறது இக்கணக்கு. காலை ஷிப்டுக்கு அவிநாசி சாலையில் வேனின் புகைக்குழாய்க்குப் பின்னால் காத்து நிற்பவருக்கும், மரநிழல் சாலையில் தனியே செல்பவருக்கும் ஒரே இரட்டிப்பு!

இதைவிடப் பெரிய குறை, மாசை எடையால் அளப்பது. கோளத்தின் எடை விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும் என்பதைப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். 2.5 மைக்ரான் துகள் ஒன்றின் எடைக்கு 0.1 மைக்ரான் துகள்கள் 15,625 வேண்டும். டீசல் புகையில் எண்ணிக்கையில் மிகுந்திருப்பவை இந்தப் பொடித் துகள்களே. நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை செல்லக்கூடிய இவை தராசில் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

மேலும், இக்கணக்கு எண்ணுவது மரணங்களை மட்டுமே. இருமல், இளைப்பு, அதனால் போகும் கூலி எதுவும் அதில் இல்லை. பனியன் கம்பெனியில் பகலெல்லாம் பஞ்சுத்தூசிக்கு நடுவே நின்று வேலை செய்பவருக்கு அதுவல்லவா கேள்வி? நாள் முழுதும் உடலால் உழைப்பவருக்கு, மிதிப்பதால் கிடைக்கும் கூடுதல் பயனும் குறைவே.

கைப்பிடியில் மலிவான தூசி உணரியைக் கட்டி மாணவர்கள் அளக்கலாமே என்பீர்கள். அளக்கலாம், சந்துக்கும் சாலைக்கும் உள்ள வேறுபாடு தெரியவரும். ஆனால் ஒளிச்சிதறலால் இயங்கும் அவ்வகை உணரிகளின் கண்ணுக்குச் சுமார் 0.3 மைக்ரானுக்குக் கீழே உள்ளவை தென்படுவதில்லை. வேனின் புகையில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.