ஒரு சாண் மழைக்காலம்

காலை ஆறு மணிக்கு எங்கள் ஹால் அலமாரியில் இருக்கும் கண்ணாடி ஜாடியில் ஒரு பக்கம் மட்டும் வியர்த்திருக்கும். ஜன்னலைப் பார்த்த பக்கம். இரவு முழுக்க வெளிக்காற்று பட்டுக் குளிர்ந்த கண்ணாடி அது. உள்ளே ஈரம் எங்கும் நிறைந்திருந்தாலும் குளிர்ந்த இடத்தில்தான் நீராகப் படிகிறது. கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு துளிக்குள்ளும் ஜன்னல் கம்பியின் டிசைன் தலைகீழாகத் தெரியும். இரண்டு துளிகள் தொட்டு ஒன்றாகும். மூன்றாவது வந்து சேர்ந்ததும் கனம் தாங்காமல் வழியும். வழிந்த தடத்தில் மட்டும் கண்ணாடி தெளிந்து, அந்த ஒற்றைக் கோட்டின் வழியே ஒரு பெரணி இலை துலக்கமாகத் தென்படும்.

வெயில் ஏற ஏறத் துளிகள் மறைகின்றன. மூடி போட்ட ஜாடியிலிருந்து அவை எங்கும் போய்விடவில்லை. காற்றில் கலந்து, மண்ணில் இறங்கி, வேரிலும் இலையிலும் ஏறி, மறுநாள் காலையில் அதே கண்ணாடிக்கு வந்து சேர்கின்றன. இதே ஜாடியை ஏசி போட்ட படுக்கையறையில் வைத்தால் சுற்றிலும் உட்பக்கம் பனி மூடும். அப்படியே தூக்கிக்கொண்டு பால்கனிக்கு வந்தால் சிறிது நேரத்தில் பனி வெளிப்பக்கம் பூக்கும். சென்னைப் புறநகரான எங்கள் அஸ்தினாபுரத்துக் காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதை எனக்குக் கண்ணில் காட்டியது இந்த ஜாடிதான்.

ஜாடி என்பது பெட்டிக்கடையில் கமர்கட்டும் தேன்மிட்டாயும் போட்டு வைக்கும் பழைய கண்ணாடி ஜாடி. செடி வளர்க்க டெரேரியம் என்று கடைகளில் விற்கும் பித்தளை விளிம்பு வைத்த பலகோணக் கூடுகளைவிட எனக்கு இது பிடிக்கும். அதன் கண்ணாடி முழுக்கச் சமமாக இருக்காது. உள்ளே இருக்கும் பச்சை ஓரிடத்தில் லேசாகப் பெருத்தும் ஓரிடத்தில் ஒதுங்கியும் தெரியும். நாம் தலையை அசைத்தால் உள்ளே இருப்பதும் அசையும். அகலமான பெட்டி வேண்டுமென்று குரோம்பேட்டையில் ஒரு கண்ணாடிக் கடைக்கும் போனேன்.

“மீன் தொட்டியா சார்?”

“இல்லப்பா, செடி வைக்க.”

“செடிக்கா? அப்ப நாலு எம்.எம். போதும். ஓரத்தைத் தேய்ச்சுத் தரேன், கையைக் கிழிக்காது.”

தேய்த்துக் கொடுத்த அந்த ஓரத்தில் சாயங்கால வெளிச்சம் பட்டால் கடல்பச்சையில் ஒரு கோடு ஓடும். கண்ணாடியின் நடுவில் தெரியாத நிறம் அதன் விளிம்பில் திரண்டு நிற்கிறது.

அடியில் தண்ணீர் தங்கி வேர் அழுகாமல் இருக்க இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கல் போட வேண்டும். அதற்காக நீலமும் சிவப்புமாகச் சாயம் ஏற்றிய கூழாங்கல்லை ஏன் வாங்குகிறார்கள் என்று வருத்தமாக இருக்கிறது. நம் ஊர்ப் பக்கத்துக் கல் எப்பேர்ப்பட்டது! பல்லாவரம், திரிசூலம், பம்மல் குன்றுகளை உடைத்துத்தான் இந்தப் புறநகரின் வீடுகள் எத்தனையோ எழுந்தன. அந்தக் கருங்கல்லுக்கு சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக்கு மேல் கிடக்கும் பலகை நம் பக்கத்துக் கல். அதை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து 1893இல் சார்னோக்கின் பெயரையே கல்லுக்கு வைத்தார். வயது சுமார் 250 கோடி ஆண்டு. வீடு கட்டி முடித்த இடத்தில் ஒரு கை ஜல்லி அள்ளிக்கொண்டால் போதும். காய்ந்திருக்கும்போது வெறும் சாம்பல் நிறம். நனைத்தால் நீலம் ஓடிய கருமை எழுந்து, மேலே எண்ணெய் தடவிய மினுக்கம் வரும். சில துண்டுகளில் கார்னெட்டின் சிவப்புப் பொட்டு இருக்கும். ஜாடிக்குள் அது எப்போதும் நனைந்தே இருப்பதால் அந்த நீலம் போவதே இல்லை.

கல்லுக்கு மேலே கரி, வாடை வராமல் இருக்க. தெருமுனை இஸ்திரி வண்டியில் கேட்டால் ஒரு பிடி தருவார்கள். அதற்கு மேல் தென்னை நார்க்கழிவு கலந்த மண். இவற்றைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

சொல்ல வேண்டியது பாசியைப் பற்றி. ஐப்பசி மழை நாலு நாள் பெய்தால் எங்கள் மதிலின் மோட்டார் ரூம் பக்கம் முழுக்கப் பச்சை பிடித்துவிடும். சென்னைச் சுவர்களில் அதிகம் காணப்படும் ஹையோஃபிலா என்ற பாசியினம் அங்கே உண்டு. உள்ளங்கை அகலத்துக்கு மட்டும், கரண்டிக் காம்பால் நெம்பி எடுத்துக்கொள்வேன், மிச்சம் சுவருக்கு. கொடைக்கானல், ஊட்டி மரங்களிலிருந்து உரித்துவந்து மூட்டையாக விற்கும் பாசியை வாங்க எனக்கு மனம் ஒப்பாது. அது மீண்டும் படர வருஷங்கள் ஆகும்.

நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு இந்தப் பாசியைப் பாருங்கள். காய்ந்த நிலையில் ஒவ்வோர் இலையும் இரு ஓரமும் உள்வாங்கிச் சுருட்டி வைத்த ஓலை போல் இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரங்கள் பிரிந்து இலைகள் நட்சத்திரமாக விரியும். பாசிக்கு வேர் கிடையாது; பிடித்துக்கொள்ள இழைகள் மட்டும் உண்டு. குடிப்பது இலையால்தான். பெரும்பாலும் ஒரே அடுக்கு உயிரணுக்களால் ஆன இலை அது. ஆகவே பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் ஒளி இலையின் உள்ளே புகுந்து வருகிறது. ஜாடியை ஜன்னலுக்கும் நமக்கும் நடுவில் வைக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். முன்பக்க விளக்கில் பாசி வெறும் பச்சைத் துணியாகத் தெரியும். பின்வெளிச்சத்தில் ஒவ்வோர் இலையும் தனித்தனியாக எரியும்.

அடுத்து நடப்பது நான் செய்வதல்ல. பாசியோடு ஒட்டிவந்த செங்கல் துணுக்கில் சில மாதம் கழித்து நகக்கண் அளவில் இதய வடிவப் பச்சைத் தகடு ஒன்று படியும். பலரும் அழுக்கு என்று துடைத்துவிடுகிறார்கள். துடைக்காதீர்கள். அது பெரணியின் முதல் பிறவி. காற்றில் வந்த வித்துத் தூள் முளைத்துத் தகடாகிறது. அதன் அடியில் ஆண் உயிரணு மெல்லிய நீர்ப்படலத்தில் நீந்திப் போய்ப் பெண் உயிரணுவைச் சேர்கிறது. அதன் பிறகே சுருண்ட முனையோடு முதல் இலை எழும்பும். மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கும் மதிலில் இது நடந்தாலும் நம் கண்ணில் படாது. மூடிய கண்ணாடியில் உட்கார்ந்து பார்க்கலாம்.

டெரேரியத்தின் தொடக்கமே இதுதான். லண்டனில் நதானியல் வார்டு என்ற மருத்துவர், புகை மண்டிய தன் தெருவில் பெரணி வளர்த்துத் தோற்றுக்கொண்டிருந்தார். 1829இல் ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு எப்படி வெளிவருகிறது என்று பார்க்க, ஈரமண் போட்ட பாட்டிலில் அதை மூடி வைத்தார். அந்த மண்ணில் ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்தன. ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அவை உள்ளேயே இருந்தன. 1833இல் அவர் கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளை வைத்துக் கப்பலில் சிட்னிக்கு அனுப்ப, உயிரோடு போய்ச் சேர்ந்தன. அத்தகைய பெட்டிகளில்தான் 1861இல் சின்கோனாச் செடிகள் தென்னமெரிக்காவிலிருந்து நீலகிரிக்கு வந்தன. மலேரியாவுக்குக் கொடுத்த கொயினா அந்த மரத்தின் பட்டையில் எடுத்தது.

ஆனால் சின்ன நிலத்தை வீட்டுக்குள் அமைத்து ரசிக்க நமக்கு வார்டு வந்து சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. கொலுவில் பார்க் வைக்கிறோமே! தாம்பாளத்தில் மண் பரப்பி, நாலைந்து நாள் முன்னதாகக் கடுகும் கேழ்வரகும் தூவினால், கொலு தொடங்கும்போது வயல் தயாராக நிற்கும். என் பெரியம்மா பார்க் வைக்கும்போது பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாகப் பதித்துவிட்டு, “விளிம்பு தெரியக் கூடாதுடா, மண்ணை ஏத்தி விடு” என்பாள். நான் மண்ணை ஏற்றியதும் அவள் ஒரு விரலால் கரையை அங்கங்கே வளைத்துவிடுவாள். அந்த வளைவில்தான் குளம் வரும். டெரேரியம் அமைக்கும் கலையைப் பற்றி இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. மண் சமதளமாக இருக்கக் கூடாது. பின்னால் உயர்ந்து முன்னால் தாழ வேண்டும். கல்லை மேலே வைக்காமல் மூன்றில் ஒரு பங்கு புதைக்க வேண்டும். பாசி கல்லின் அடிவாரத்தைத் தொட்டு ஏற வேண்டும்.

ஒரே ஒரு வேறுபாடு. கொலுப் பார்க்கில் செட்டியார் வேண்டும், மாடு வேண்டும். ஜாடிக்குள் பொம்மை வேண்டாம். பிளாஸ்டிக் மானை வைத்த நொடியே பாசி, புல்வெளியாக நடிக்கத் தொடங்கிவிடுகிறது. மான் இல்லாதபோது பாசி பாசியாக இருக்கிறது. நிறம் கட்டாயம் வேண்டுமென்றால் நர்சரியில் ஒரு சின்ன ஃபிட்டோனியா வாங்குங்கள். பெருவின் காட்டுத் தரைச் செடி. பச்சை இலையில் வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு நரம்புகள் வலையாக ஓடும். 1817இல் தாவரவியல் நூல் எழுதிய ஃபிட்டன் சகோதரிகளின் பெயர் அதற்கு. ஒன்று போதும்.

இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டில் வைக்கும் இடமும் முக்கியம். டிவி பக்கத்தில் வைத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். சோபாவில் உட்கார்ந்தால் கண் மட்டத்துக்கு வரும் தட்டு நல்லது. மேலே இருந்து பார்த்தால் அது தொட்டி. கண் மட்டத்தில் பார்த்தால் உள்ளே நாம் இருக்கிறோம். நேர் வெயில் ஆகவே ஆகாது. மூடிய கண்ணாடிக்குள் சூடு ஏறி ஒரே மதியத்தில் எல்லாம் வெந்துவிடும். அக்னி நட்சத்திர நாட்களில் மேற்கு ஜன்னல் பக்கம் இருப்பதை வடக்குப் பக்கம் மாற்றி, தரையில் இறக்கி வைக்கிறேன்.

தண்ணீர் சில மாதத்துக்கு ஒருமுறை இரண்டு ஸ்பூன் போதும். எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம். தெளித்தால் கண்ணாடியில் வெள்ளைத் திட்டு விழுந்து, பாசி நுனி கருகும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு இல்லை, அது உதவும். அதைவிட மழைநீர் நல்லது. முதல் மழையில் மாடி கழுவிப் போகட்டும். அடுத்த மழையில் ஒரு லிட்டர் பாட்டில் பிடித்து மூடி வைத்தால், வீட்டில் இருக்கும் எல்லா ஜாடிக்கும் ஒரு வருஷத்துக்கு வரும்.