கூடி வாங்கலாம், கூடி வைத்திருக்கலாமா?

பெரம்பலூர் மாவட்டத்துக் கரிசல் காட்டில் விதைப்புக்கு நாள் குறிப்பது மழைதான். ஆவணியிலோ புரட்டாசியிலோ ஒரு நல்ல மழை இறங்கி, காலில் ஒட்டாத அளவுக்கு மண் ஆறியதும் மக்காச்சோளத்தையும் பருத்தியையும் விதைத்துவிட வேண்டும். அந்தப் பதம் சில நாள்தான் நிற்கும். தவறினால் அடுத்த மழையை எதிர்பார்த்துக் கிடக்க வேண்டும். குன்னத்திலும் வேப்பந்தட்டையிலும் ஆலத்தூரிலும் ஓர் ஊர்க்காரர் எல்லோருக்கும் அந்தச் சில நாள் ஒன்றேதான். விவசாயிகள் சேர்ந்து கருவி வாங்கும் வழக்கத்தை எடைபோட இந்த இடத்திலிருந்து தொடங்குவதே சரி என்று நினைக்கிறேன்.

தமிழக அரசு 2017-18இல் கூட்டுப் பண்ணையத் திட்டத்தைக் கொண்டுவந்தது. சிறு, குறு விவசாயிகள் 20 பேர் சேர்ந்தால் ஓர் உழவர் ஆர்வலர் குழு. ஐந்து குழுக்கள் இணைந்தால் 100 பேர் கொண்ட உழவர் உற்பத்தியாளர் குழு. அதற்குத் தொகுப்பு நிதி 5 லட்சம் ரூபாய். அந்தப் பணத்தில் பவர் டில்லர், ரோட்டவேட்டர், களையெடுக்கும் கருவி என்று குழுவே தீர்மானித்து வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்ளும். ஆளுக்கு 5,000 ரூபாய் என்று பிரித்துக் கொடுத்திருந்தால் கைச்செலவில் கரைந்துபோயிருக்கும் பணம், ஊருக்கு ஒரு கருவியாகிறது. இதன் பின்னால் உள்ள எண்ணம் நல்ல எண்ணம்.

சேர்ந்து வாங்குவதன் பலம் விலையோடு முடிவதில்லை. ஒரு மூட்டை உரம் கேட்டுப் போகிறவர் கடைக்காரர் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருகிறார். நூறு மூட்டை கேட்டுப் போகிறவர்கள் விலை பேசுகிறார்கள். விதை முளைக்காவிட்டால் யார் பொறுப்பு என்றும் கேட்கிறார்கள். விதையையும் மருந்தையும் கடனுக்கு வாங்கிய இடத்திலேயே விளைச்சலையும் போட்டாக வேண்டிய நிலை சிறு விவசாயிக்குப் புதிதல்ல. ரொக்கம் கொடுத்துக் கூட்டாக வாங்கும்போது அந்தக் கட்டு தளர்கிறது. என் பார்வையில் இதுதான் இந்த வழக்கத்தின் பெரிய பலன்.

இதற்கு நீண்ட வரலாறும் உண்டு. 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 தொழிலாளர்கள் ஆளுக்கு ஒரு பவுண்டு போட்டுக் கடை திறந்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, மெழுகுவத்தி என்று சில பொருள்களே அங்கே விற்பனைக்கு இருந்தன. 1904இல் சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. இந்த இரண்டும் காலூன்றி நின்றதற்கு ஒரு காரணத்தை நாம் எளிதில் கவனிக்கத் தவறுகிறோம். உறுப்பினர்கள் சேர்ந்து வாங்கிய பொருளை அவரவர் பிரித்து வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். மாவை அளந்து பிரிக்கலாம். ரோட்டவேட்டரைப் பிரிக்க முடியாது.

கூட்டுக் கருவியின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது. மழை விட்டு மண் ஆறிய அன்றே நூறு பேருக்கும் அது வேண்டும். முதல் முறை தலைவர் காட்டுக்கா, பாதையோரக் காட்டுக்கா, அரை ஏக்கர் வைத்திருப்பவருக்கா? முப்பதாவது ஆளாக நிற்பவர் பதம் போய்விடும் என்று அஞ்சி வாடகை டிராக்டரைக் கூப்பிடுகிறார். குழுவிலும் உறுப்பினர், வெளியிலும் வாடகை. இரண்டு மூன்று பருவம் இப்படிப் போனால் அவர் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

நம் ஊர்களுக்கு முறை வைத்து அனுபவிக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. பங்காளிகளின் கூட்டுக் கிணறு அதற்குச் சான்று. திங்கள் உனக்கு, செவ்வாய் எனக்கு என்று தலைமுறை கடந்தும் முறை நடக்கிறது. இன்று என் முறை இல்லாவிட்டாலும் பயிர் நாளை வரை தாங்கும் என்பதால் அது நடக்கிறது. விதைப்புப் பதம் அப்படித் தாங்குவதில்லை. ஆகவே, எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சேர்க்காமல், வாங்கும் பொருளை மூன்றாக வகுத்துப் பார்க்க வேண்டும்.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தேவைப்படுபவை முதல் வகை. விதை, உரம், முதுகில் மாட்டும் தெளிப்பான், நெற்றியில் கட்டும் டார்ச் எல்லாம் இதில் சேரும். இரவில் மும்முனை மின்சாரம் வரும்போது மோட்டார் போடப் போகிறவருக்கும், மக்காச்சோளக் காட்டில் பன்றிக்குக் காவல் இருப்பவருக்கும் அவரவர் தலையில் வெளிச்சம் வேண்டும். இவற்றைக் கூடி வாங்கிப் பிரித்துக்கொள்வதே முறை.

காத்திருக்கக் கூடியவை இரண்டாம் வகை. மக்காச்சோளக் கதிரை ஒடித்துக் காயவைத்துவிட்டால், கதிரடிக்கும் இயந்திரம் நான்கு நாள் கழித்து வந்தாலும் பெரிய நட்டமில்லை. இது கூட்டாக வைத்திருக்க ஏற்ற கருவி.

எல்லோரும் சேர்ந்து செய்தால்தான் பலன் தருபவை மூன்றாம் வகை. 2018இல் கர்நாடகத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட அமெரிக்கப் படைப்புழு அந்தப் பருவத்திலேயே பெரம்பலூர், அரியலூர் மக்காச்சோளத்தைக் குருத்தோடு தின்றது. அதன் அந்துப்பூச்சி வரப்பு பார்த்துப் பறப்பதில்லை. ஒருவர் மட்டும் தன் காட்டைக் காத்துப் பயனில்லை. அதன் கூட்டுப்புழு மண்ணுக்குள் இருப்பதால் கோடை உழவு போட்டு வெயிலில் கிளறிவிடச் சொல்கிறார்கள் வேளாண் அறிஞர்கள். கோடை உழவுக்குப் பல வாரம் அவகாசம் உண்டு, முறை வைக்கலாம். ஊரே உழுதால் ஊருக்கே பலன். குழுவின் உழவுக் கருவி முதலில் இறங்க வேண்டிய வேலை இதுவே. விதைப்பு அவசரத்துக்கு அதை மட்டும் நம்புவதால்தான் மனக்கசப்பு வருகிறது.

அடுத்தது பணம். இனாமாக வந்த நிதியில் வாங்கிய இயந்திரத்துக்கு டீசல் போட ஆள் வருவார்கள். பல்லுடைந்தால் வெல்டிங் வைக்க ஆள் இருக்காது. வாடகை வாங்காத கருவி சில பருவங்களில் துருப்பிடித்துக் கிடக்கும். இந்த வகையில் 2020 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தின் விதி மேலானது. உறுப்பினர் போடும் பங்குத்தொகைக்கு ஈடாகவே, ஒருவருக்கு 2,000 ரூபாய் வரை, அரசு தன் பங்கைப் போடுகிறது. சொந்தக் காசு உள்ளே இருந்தால் கணக்குக் கேட்கும் வாய் தானாகத் திறக்கும். ராச்டேல்காரர்களின் ஒரு பவுண்டு செய்ததும் அதைத்தான்.

முறைச் சிக்கலுக்கும் நம்மிடமே வழி இருக்கிறது. ஏலச்சீட்டில் அவசரக்காரர் தள்ளு விட்டு முதலில் எடுக்கிறார். காத்திருப்பவருக்குக் கழிவு கிடைக்கிறது. கருவிக்கும் அதைப் பொருத்தலாம். பதத்தின் முதல் நாள்களில் எடுப்பவர் கூடுதல் வாடகை தரட்டும். அந்தத் தொகையில் பின்னால் எடுப்பவருக்குக் குறைக்கலாம், மீதியைப் பழுதுநீக்கச் சேர்க்கலாம். வசதியுள்ளவரே எப்போதும் முந்திக்கொள்ளாதபடி, ஒவ்வொருவருக்கும் முதல் ஏக்கர் குலுக்கல் முறையில் பொது வாடகைக்கே நடக்க வேண்டும். குத்தகைக்கு உழுபவரும், பட்டா கணவர் பெயரில் இருக்கக் காட்டில் பாடுபடும் பெண்ணும் அந்தக் குலுக்கலில் இருக்க வேண்டும்.

குழுவின் எல்லையையும் விரிக்கலாம். ஒரே ஊர், ஒரே பயிர் என்றால் தேவையும் ஒரே நாளில்தான் வரும். அரியலூர் மாவட்டத்து ஆண்டிமடம் பக்கத்து முந்திரித் தோப்புக்கும், திருமானூர்ப் பக்கத்து வாய்க்கால் பாசன நெல்லுக்கும், குன்னத்து மானாவாரிக்கும் வேலைக்காலம் ஒன்றல்ல. இந்த மூன்றையும் இணைக்கும் அமைப்பின் கையில் ஓர் இயந்திரம் ஆண்டில் பல மாதம் ஓடும். அதன் வாடகையே அதைக் காப்பாற்றும்.

சேர்ந்து வாங்குவதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். சேர்ந்து வைத்திருப்பதை நிபந்தனையோடு ஆதரிக்கிறேன். கருவி வந்து இறங்கும் முன்பே முறையும் வாடகையும் பழுதுச் செலவும் எழுதப்பட்டு, ஊர் பார்க்கும் சுவரில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். எழுத முடியாத குழு அந்த நிதியில் அளந்து பிரிக்கக் கூடியதை வாங்கட்டும். புரட்டாசி மழை பெய்த மறுநாள் காலையில் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க யாருக்கும் நேரம் இருக்காது.