ஹெலிகாப்டர் இல்லாத அப்பாக்கள்

‘சான் ஆண்ட்ரியாஸ்’ படத்தை இரண்டாவது தடவை என் சித்தப்பா மகனோடு பார்த்தேன். அரூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். திண்ணை, ஒரே ஒரு செல்போன், தமிழ் டப்பிங். லாஸ் ஏஞ்சல்ஸ் இடிந்தது, சான் பிரான்சிஸ்கோ மூழ்கியது, டுவைன் ஜான்சன் தண்ணீருக்குள் பாய்ந்து மகளை மீட்டார். படம் முடிந்ததும் அவன் கேட்டது ஒன்றுதான்.

“அந்தப் பொண்ணு கோவிச்சுக்கவே இல்லையேண்ணா?”

நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவன் விடவில்லை. “அவருக்கு ஹெலிகாப்டர் வேற இருக்குது” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். இந்தக் கட்டுரை அவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

பேரிடர்ப் படங்களில் ஒரு பழைய சூத்திரம் உண்டு. பிரிந்த குடும்பம், வேலையே கதியென்று கிடக்கும் அப்பா, பதின்வயதுப் பிள்ளை. அப்புறம் பூமி நடுங்கும், அல்லது கடல் எழும். ரோலண்ட் எம்மெரிக்கின் ‘தி டே ஆஃப்டர் டுமாரோ’ (2004) படத்தில் காலநிலை விஞ்ஞானி ஜாக் ஹால், 17 வயது மகன் சாமை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போகவே தாமதமாகத்தான் வருகிறார். அதே அப்பா பின்பாதியில் மகனைத் தேடி உறைபனியில் நியூயார்க்குக்கு நடந்து போகிறார். பிராட் பெய்டன் இயக்கிய ‘சான் ஆண்ட்ரியாஸ்’ (2015) படத்தில் மகளைக் கல்லூரிக்குக் கூட்டிப்போவதாகச் சொன்ன அப்பா ரே, பணி வந்ததால் வர முடியாது என்கிறார். அவள் அம்மாவின் புதுத் துணையோடு போகிறாள். நிலநடுக்கம் வந்ததும் அந்த ஆள் அவளை வண்டிக்குள் சிக்கிய நிலையில் விட்டுவிட்டு ஓடுகிறான். அப்பா, அரசாங்க ஹெலிகாப்டரை வேலையிலிருந்து திருப்பிக்கொண்டு சொந்தக் குடும்பத்தைக் காப்பாற்றப் போகிறார்.

இந்தக் கதைகளில் பேரிடர் செய்யும் வேலை என்ன? முதலில், அப்பாவுக்குப் போட்டியாக இருப்பவர்களைத் துடைத்து எடுக்கிறது. ஓடிப்போன கோழைக்கு முன்னால், வராமல்போன அப்பா நல்லவராகத் தெரிவார் இல்லையா? இரண்டாவது, மன்னிப்புக் கேட்க வேண்டிய வாய்க்குப் பதிலாகக் கைக்கு ஒரு பெரிய வேலை கொடுக்கிறது. மூன்றாவதுதான் எனக்கு உறுத்துவது: அது பிள்ளையின் வாயை அடைக்கிறது. உயிரைப் பணயம் வைத்து வந்து நிற்கிறவரிடம் “இத்தனை நாள் எங்க இருந்தீங்க?” என்று யார் கேட்பார்கள்? காப்பாற்றப்பட்ட பிள்ளைக்குக் கோபப்படும் உரிமை போய்விடுகிறது.

என் தம்பி இதைத்தான் ஒரே வரியில் கேட்டுவிட்டான். அவனுக்கு அதைக் கேட்கக் காரணம் உண்டு.

2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழக அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அறிவித்தது. சித்தப்பாவுக்கு இருந்தது மானாவாரி நிலம். கடன் வாங்கிப் போட்ட போரிலும் தண்ணி வரவில்லை. அந்த வருஷம் சித்தப்பாவும் சித்தியும் பெங்களூருக்குச் சென்ட்ரிங் வேலைக்குப் போனார்கள். கைக்குழந்தையாக இருந்த தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எட்டு வயசுப் பையனைப் பள்ளிக்கூடம் கெட்டுவிடக் கூடாது என்று ஆயாவிடம் விட்டுவிட்டுப் போனார்கள். பொங்கலுக்கு வருவார்கள், சாவுக்கு வருவார்கள். போனில் பேச்சு மெல்ல மெல்லக் குறைந்தது. “சாப்பிட்டியா?” “ம்.” “படிக்கிறியா?” “ம்.” அப்புறம் அந்த ‘ம்’மும் நின்றது.

தர்மபுரி மாவட்டத்தில் இது புதுக் கதை இல்லை. பேருந்து நிலையத்தில் பெங்களூர் பஸ்ஸில் ஏறுகிறவர்களைப் பார்த்தாலே தெரியும். ஹாலிவுட் படத்தில் அப்பாவும் பிள்ளையும் முதலில் பிரிகிறார்கள், பிறகு பேரிடர் வந்து சேர்த்து வைக்கிறது. எங்கள் பக்கத்தில் பிரித்ததே பேரிடர்தான். வறட்சிக்கு இடிச்சத்தம் கிடையாது, ஓடித் தப்பிக்க ஒரு திசையும் கிடையாது. அது வருஷக்கணக்கில் நடக்கும். அதனால்தானோ என்னவோ அது இரண்டு மணி நேரப் படத்துக்குள் அடங்குவதில்லை.

அப்புறம் மழையும் வந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. கரை கடந்த புயல் சீக்கிரம் கலைந்துவிடும் என்றுதான் நினைத்தோம். அது நின்று நிதானமாக உள்மாவட்டங்களுக்குள் வந்தது. டிசம்பர் 2 காலை வரையான 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 செ.மீ., அரூரில் 33 செ.மீ. ஊத்தங்கரையில் வேன்களும் கார்களும் வெள்ளத்தில் உருண்டு போன வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தண்ணிக்காக ஊரைவிட்டுப் போன ஜனங்களின் ஊருக்குத் தண்ணி வந்த விதம் அது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியத்துக்காகச் சித்தப்பா மட்டும் ஊருக்கு வந்திருந்தார். ராத்திரி மழை வலுத்தது, கரண்ட் போனது. பழைய மண்சுவர் வீடு. நடந்ததைப் பிறகு தம்பிதான் சொன்னான். சித்தப்பா டார்ச்சை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சுவராகத் தடவிப் பார்த்தாராம். “வடக்குச் செவுரு நிக்காது” என்றாராம். ஆயாவைத் தூக்கி முன்னறையில் உட்காரவைத்தார். கொட்டகையிலிருந்த சவுக்குக் கழிகளை எடுத்துவரச் சொன்னார். அவன் பிடித்துக்கொள்ள, அவர் விட்டத்துக்கு முட்டுக் கொடுத்தார். விடியற்காலையில் வடக்குச் சுவர் விழுந்தது. முன்னறைக் கூரை நின்றது.

“அவரு எந்தக் கழி எங்க நிக்கணும்னு பாத்தவுடனே சொல்றாருண்ணா. அன்னிக்குத்தான் அவரு வேல செஞ்சு நான் பாத்தேன்” என்றான்.

இந்த இடத்தில் எனக்கு ஜூட் ஆந்தனி ஜோசப்பின் மலையாளப் படம் ‘2018’ (2023) ஞாபகம் வருகிறது. அதில் மீனவர் மாத்தச்சனாக லால். மாடலாக விரும்பும் மகன் நிக்ஸனாக ஆசிப் அலி. மகனுக்கு அப்பாவின் தொழில் ஒரு வெட்கம். வெள்ளம் வந்ததும் அதே படகுதான் ஊரைக் காப்பாற்றப் போகிறது. நிஜத்திலும் 2018 ஆகஸ்டில் கேரள மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு உள்ளூர்களுக்குப் போனார்கள். படத்தில் மிகையும் அவசரமும் உண்டு. ஆனால் ஹாலிவுட் சூத்திரத்தில் இல்லாத ஒன்று அதில் இருக்கிறது. பேரிடர் அங்கே அப்பாவை வீரனாக மாற்றவில்லை. அவர் ஏற்கெனவே யார் என்பதை மகனுக்குக் காட்டுகிறது. ரேயின் ஹெலிகாப்டர் நம்மை வாய்பிளக்க வைக்கிறது. மாத்தச்சனின் படகு, கண்முன்னே இருந்தும் நாம் பார்க்காத ஒன்றைப் பார்க்கச் சொல்கிறது. சவுக்குக் கழியும் அப்படித்தான்.

சரி, அதோடு எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. சித்தப்பா அந்த வாரமே பெங்களூருக்குப் போய்விட்டார். சொந்தக்காரர்கள் தம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். “உங்கப்பன்தானடா காப்பாத்துனான், இன்னும் என்ன மொறப்பு?” நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். எனக்கு அது அப்படியே ‘சான் ஆண்ட்ரியாஸ்’ வசனம் மாதிரி கேட்டது. ஒரு ராத்திரி எட்டு வருஷத்தை அடைத்துவிடும் என்கிற கணக்கு. சினிமா நமக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கா, நம்மிடமிருந்து சினிமா எடுத்துக்கொண்டதா, தெரியவில்லை.

இந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளாத ஒரு தமிழ்ப் படம் உண்டு என்றால் அது ராமின் ‘பேரன்பு’. 2018இல் ராட்டர்டாம் விழாவில் திரையிடப்பட்டு 2019 பிப்ரவரியில் இங்கே வெளியானது. அதில் புயலும் இல்லை, வெள்ளமும் இல்லை. ஆனால் அத்தியாயத் தலைப்புகள் எல்லாமே இயற்கையைப் பற்றியவை. வெளிநாட்டில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பும் அமுதவன் (மம்மூட்டி), மூளை முடக்குவாதம் உள்ள மகள் பாப்பாவை (சாதனா) தனியாக வளர்க்க வேண்டி வருகிறது. பாப்பா அவரை ஏற்கவில்லை, பக்கத்திலேயே விடவில்லை. அவர் காத்திருக்கிறார். கோமாளித்தனம் செய்கிறார், தோற்கிறார், மறுபடி காத்திருக்கிறார். மகளின் உடலுக்கு வயது வரும்போது தகப்பனாக என்ன செய்வதென்று தெரியாமல் திணறுகிறார். மற்ற படங்கள் கட்டிப்பிடித்து முடிகிற இடத்துக்கு வந்து சேரவே இந்தப் படத்துக்கு எத்தனையோ நாட்கள் ஆகின்றன. அங்கே போன பிறகும் கதை முடிவதில்லை.

‘பேரன்பு’ மீதும் எனக்குக் குறை உண்டு. கதையைச் சொல்கிறவர் அமுதவன். அவரது குற்றவுணர்வு நமக்கு முழுதாகக் கிடைக்கிறது. பாப்பாவின் கோபம் ஆரம்பக் காட்சிகளில் மட்டும் இருந்துவிட்டு அவரது அன்புக்குள் கரைந்துவிடுகிறது. இங்கேயும் பிள்ளை கேட்க வேண்டிய கேள்வியை அப்பாவே கேட்டு, அப்பாவே அழுகிறார். ஆனாலும் ஒரு பெரிய வித்தியாசம்: அவர் கொடுப்பது சாகசம் இல்லை, நாட்கள். விட்டுப்போன நாட்களுக்கு ஈடு நாட்கள்தான் என்பதை இந்தப் படம் தெரிந்து வைத்திருக்கிறது.

பேரிடர்ப் படங்களைக் கிண்டல் செய்துவிட்டுப் போவது சுலபம். நான் அவற்றில் அழுதிருக்கிறேன். வாயால் பேசத் தெரியாத, வேலையால் மட்டுமே பேசத் தெரிந்த அப்பாக்கள் நம் வீடுகளில் நிறைய. அவர்களுக்கு அந்தப் படங்கள் ஒரு மொழியைக் கொடுக்கின்றன. அதை நான் மறுக்கவில்லை. பேசி முடித்துவிட்டதாக அவை சொல்வதைத்தான் மறுக்கிறேன்.

தம்பிக்கு நான் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: அந்தப் பொண்ணு கோவிச்சுக்கல, ஏன்னா எழுதினவங்க அவளுக்கு நேரம் கொடுக்கல. உனக்கு நேரம் இருக்குதுடா. உங்கப்பா கூரையைத் தாங்கினதும் நிஜம், உன்னை விட்டுட்டுப் போனதும் நிஜம். ஒண்ணை வெச்சு இன்னொண்ணை அழிக்க வேண்டியதில்ல.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். வடக்குச் சுவரை ஹாலோ பிளாக் வைத்துக் கட்டியிருந்தார்கள். பூச்சு வேலை பாக்கி. முன்னறையில் அந்தச் சவுக்குக் கழி ஒன்று இன்னும் அப்படியே நின்றது. “இதை எடுக்கலையாடா?” என்றேன்.

“அப்பா வந்து பாக்கட்டும்ணா. அவரு சொன்னாத்தான் எடுக்கலாம். போன்ல கேட்டேன், இப்ப வேணாம்னாரு.”

போனில் கேட்டானாம்.