பெயர் இல்லாத பேரேடு

யுத்தத்தைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. அவர்கள் குன்றின்மேல் நின்றுகொள்ளலாம். அங்கிருந்து பார்த்தால் இரண்டு படைகளும் தெரியும். எந்த அணி எங்கே உடைந்தது, எந்த நாழிகையில் வெற்றி தீர்மானமாயிற்று என்றெல்லாம் நிதானமாகச் சொல்லலாம். சரித்திர நாவல்களில் பெரும்பாலானவை அந்தக் குன்றின்மேல் உட்கார்ந்து எழுதப்பட்டவைதாம். டால்ஸ்டாய் போன்ற சிலரே கீழே இறங்கத் துணிந்தார்கள். போரோடினோ களத்துக்குள், யுத்தம் பழகாத பீயரை அவர் நடக்கவிட்டது வீணுக்கு அல்ல.

அந்தக் குன்றிலிருந்து நம்மைப் பிடித்துக் கீழே தள்ளிவிடுகிற ஒரு படைப்பைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறேன். அது நாவல் அல்ல. கம்ப்யூட்டரில் ஆடும் விளையாட்டு. ‘மவுண்ட் அண்ட் பிளேட்: வார்பேண்ட்’ என்பது அதன் பெயர். விளையாட்டுக்கு ஒரு விமரிசனமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். சினிமா வந்த புதிதில் அதைப் பற்றியும் இப்படித்தான் சுளித்தார்கள். ஒரு மனிதனைப் பல மணி நேரம் கட்டிப்போட்டு, யுத்தம் என்றால் இன்னது என்று ஓர் எண்ணத்தை அவன் மனத்தில் விதைக்கிற எதுவும் விமரிசனத்துக்கு உட்பட்டதே என்பது என் கட்சி.

இதைச் செய்தவர்கள் துருக்கியின் தலைநகரான அங்காராவில் இருக்கும் டேல்வேர்ல்ட்ஸ் நிறுவனத்தார். அர்மகான் யாவுஸ், இபெக் யாவுஸ் என்ற தம்பதி தொடங்கிய நிறுவனம் அது. முதல் விளையாட்டு 2008-லும், நான் பேசுகிற ‘வார்பேண்ட்’ 2010-லும் வெளிவந்தன. கதை நடக்கும் கால்ரேடியா கற்பனை நாடு. ஆனால் அங்கே உள்ள வாளும் வேலும் கவசமும் கோட்டையும் மத்திய காலத்து ஐரோப்பாவையும் ஆசியாவையும் சேர்ந்தவை. ஆறு அரசுகள் ஒன்றோடொன்று ஓயாமல் பொருதுகின்றன. ஸ்வேடியர்களிடம் கனத்த கவசம் அணிந்த குதிரை வீரர்கள் உண்டு. மலைநாட்டு ரோடாக்குகளுக்குக் குதிரைப் படை இல்லை. நீண்ட ஈட்டியும் விசைவில்லும்தான் அவர்கள் பலம். கெர்கிட்டுகள் குதிரைமேல் இருந்தபடியே அம்பு எய்கிறவர்கள். நார்டு, வேகிர், சாரனிட் என்று மற்ற மூவர்.

ஆடுகிறவர் இவர்களிடையே ஒரு சாதாரண மனிதராக நுழைகிறார். ஒரு குதிரை, துருப்பிடித்த ஓர் ஆயுதம், கையில் கொஞ்சம் காசு. இன்னதைத்தான் செய்ய வேண்டும் என்று வற்புறுத்தும் கதை கிடையாது. வியாபாரம் செய்யலாம், ஓர் அரசனிடம் சேவகம் புரியலாம், கொள்ளைக்காரனாகத் திரியலாம், கடைசியில் தாமே அரசு கட்டிலில் ஏறவும் பார்க்கலாம்.

சண்டை முறை எளிமையானது. அந்த எளிமையில்தான் அதன் வலிமை இருக்கிறது. அடி நான்கு வகை: இடப்புறம், வலப்புறம், தலைக்குமேல், நேரே குத்து. எதிரியின் கை எந்தப் பக்கம் ஓங்குகிறதோ அந்தப் பக்கமே நம் வாளும் தடுக்க வேண்டும். கேடயம் இருந்தால் கவலை குறைவு. ஆனால் அடி வாங்கி வாங்கிக் கேடயமும் பிளந்து போகும். குதிரையின் வேகம் வெட்டின் பலத்தோடு சேர்ந்துகொள்ளும். முழு வேகத்தில் பாயும்போது வேல் தானாகவே கக்கத்தில் இடுங்கி நேராக நிற்கும். அப்போது எதிரே அகப்பட்டவன் பிழைப்பது அரிது.

இத்தனையும் நடக்கும்போது படைக்கு உத்தரவும் போட்டாக வேண்டும். காலாளை மேட்டில் நிறுத்து, வில்லாளை அவர்களுக்குப் பின்னே வை, குதிரைப் படை என் பின்னே வரட்டும் என்று சொல்லலாம். மோதல் தொடங்குகிற வரையில் நாம்தான் சேனாதிபதி. தொடங்கிய பிறகு நாமும் புழுதிக்குள் சிக்கிய ஒரு வீரன். குதிரை உயரத்திலிருந்து என்ன தெரியுமோ அதுதான் தெரியும். ஒரு விசையை அழுத்தினால் களத்தின் சிறு வரைபடம் வரும். அதைப் பார்த்து முடிப்பதற்குள் விலாவில் ஈட்டி பாய்ந்துவிடும். இடப்பக்கத்து அணி நிற்கிறதா, ஓடுகிறதா என்பது அங்கே போய்ப் பார்த்தால்தான் தெரியும். போய்ப் பார்க்கிறபோது காலம் கடந்திருக்கும்.

இதைச் சரித்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1302-ஆம் ஆண்டு ஜூலை 11-ஆம் தேதி, பிளாண்டர்ஸ் நாட்டில் கூர்த்ரே என்ற ஊருக்கு வெளியே, பிரெஞ்சு அரசரின் குதிரை வீரர்கள் வெறும் காலாள் படையிடம் தோற்றார்கள். எதிரே நின்றவர்களில் பெரும்பாலோர் நெசவு முதலான தொழில் செய்யும் நகரத்து மக்கள். முன்னால் ஓடைகளும் பள்ளங்களும் இருந்தன. கையில் நீண்ட ஈட்டிகள் இருந்தன. வரிசை கலையாமல் நின்றார்கள். பிரெஞ்சுச் சேனாதிபதியான ஆர்ட்வா பிரபு ராபர்ட்டே அங்கே மாண்டார். மாண்டவர்களின் பொன் முட்களைத் திரட்டி மாதா கோயிலில் தொங்கவிட்டார்கள். அதனாலேயே அது பொன்முள் யுத்தம் என்று பெயர் பெற்றது. அத்தனை பெரிய பிரபுக்களுக்கு இந்தப் புத்தி ஏன் இல்லாமல் போயிற்று என்று படிக்கிறவனுக்குத் தோன்றும். வார்பேண்டில் ரோடாக்குகள் நிற்கும் மேட்டை நோக்கிக் குதிரையை ஒரு தடவை விரட்டினால் விடை கிடைத்துவிடும். ஓடுகிற குதிரையின்மேல் இருப்பவனுக்குத் தன்னை எதுவும் தடுக்காது என்றே தோன்றுகிறது. ஈட்டி பட்டுக் குதிரை மிரண்டு நின்ற பிறகுதான், தன்னைச் சுற்றிப் பத்துப் பேர் இருப்பது கண்ணில் படுகிறது. பல பக்கங்கள் எழுதியும் ஒரு நாவலாசிரியனால் எளிதில் கொடுத்துவிட முடியாத அனுபவம் இது. இந்த வகையில் அங்காராக்காரர்களை மனமாரப் பாராட்டத்தான் வேண்டும்.

என் சண்டை வேறு இடத்தில் இருக்கிறது. அது களத்தில் அல்ல, கணக்கில்.

இந்த விளையாட்டில் படை என்பது வானத்திலிருந்து குதிப்பதில்லை. கிராமம் கிராமமாகப் போய் இளைஞர்களைச் சேர்க்க வேண்டும். வாரா வாரம் சம்பளம் கொடுக்க வேண்டும். சோறு போட வேண்டும். ஒரே தானியத்தைப் போட்டால் முணுமுணுப்பார்கள், இறைச்சியும் வெண்ணெயும் பழமும் கலந்து கிடைத்தால் உற்சாகம் கூடும். சண்டைக்குச் சண்டை தப்பிப் பிழைத்தவர்கள் தேர்ச்சி பெறுவார்கள். ஏர் பிடித்த கையோடு வந்த ஸ்வேடியக் கிராமத்தான், பல மோதல்களுக்குப் பிறகு கவசமும் குதிரையுமாக நிற்பான். வயிறும் பணமும் யுத்தத்தின் பாதி என்பதை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் சரித்திர நாவல்கள் அதிகம் இல்லை.

ஆனால் அந்தக் கிராமத்தானுக்குப் பெயர் கிடையாது. சண்டை முடிந்ததும் ஒரு பட்டியல் வருகிறது: இன்ன ரகத்தில் மூன்று பேர் இறந்தார்கள், இரண்டு பேர் காயம். அவ்வளவுதான். நேற்றுச் சேர்ந்தவனா, ஆறு மாதம் நம்மோடு அலைந்தவனா, எந்த ஊரான் என்று கேட்க வழியில்லை. பயிற்சி பெற்ற பத்துக் குதிரை வீரர்கள் ஒரே நாளில் போனால் மனசு வலிக்கத்தான் செய்கிறது. அது எந்த வலி? முதல் போட்டு நஷ்டமடைந்த வியாபாரியின் வலி. மனிதனைப் பறிகொடுத்தவனின் வலி அல்ல.

இன்னொரு பக்கம் பாருங்கள். பெயர் உள்ளவர்கள் யாரும் இந்த விளையாட்டில் சண்டையில் சாவதில்லை. ஜெரமஸ் என்ற வைத்தியர், தகப்பனார் பேசிய கல்யாணத்துக்கு உடன்படாமல் வீட்டைவிட்டு வந்த வணிகர் மகள் இமிரா போன்ற துணைப் பாத்திரங்கள் உண்டு. அவர்களுக்குப் பூர்வ கதை உண்டு. விருப்பு வெறுப்பு உண்டு. கிராமத்தைக் கொளுத்தினால் சிலர் நம் முகத்துக்கு நேரே கண்டிப்பார்கள். அவர்கள் அடிபட்டால் மயக்கம் மட்டும்தான். பிரபுக்களுக்கும் அப்படியே. ஆடுகிறவர் விழுந்தால் சிறைப்பட்டு, எதிரியின் பின்னே சில நாள் இழுபட்டு, தப்பி வந்துவிடுவார். சாவு என்பது பெயரில்லாதவர்களுக்கு மட்டுமே விதிக்கப்பட்டிருக்கிறது. இது திட்டமிட்ட கொடுமை என்று நான் சொல்லவில்லை. யோசிக்காமல் நேர்ந்தது என்பதுதான் என்னை அதிகமாக உறுத்துகிறது.

ஆயிரம் வீரர்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருக்க முடியுமா என்று ஒரு கேள்வி வரும். முடிந்திருக்கிறது. 1415-இல் இங்கிலாந்தின் ஐந்தாம் ஹென்றி பிரான்சின்மேல் படையெடுத்துப் போனான். அஜின்கோர்ட் யுத்தம் அந்தப் பயணத்தில் நடந்ததே. அவன் படையில் சாதாரண வில்லாளுக்கு நாள் ஒன்றுக்கு 6 பென்ஸ் சம்பளம். கவச வீரனுக்கு 12 பென்ஸ். இல்லாத ஆளுக்குச் சம்பளம் எழுதிவிடக் கூடாதே என்பதற்காக, கணக்கர்கள் ஒவ்வொரு தலைவன் கீழும் இருந்தவர்களைப் பெயர் பெயராக எழுதிச் சரிபார்த்தார்கள். ஹார்ஃப்ளர் முற்றுகையில் நோய்ப்பட்டு, ஊர் திரும்ப அனுமதி பெற்றவர்களின் பெயர்களையும் எழுதினார்கள். அந்தச் சுருள்களில் பல இன்றும் லண்டன் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அந்தக் கணக்கர்கள் கவிஞர்கள் அல்லர். இரக்கத்தால் எழுதியவர்களும் அல்லர். கஜானாவின் காசைக் காப்பாற்ற எழுதினார்கள். ஆனாலும் அறுநூறு ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு வில்லாள் இருந்தான், இன்ன பெயர், இன்னார் படையில் சேவித்தான் என்று சொல்ல முடிகிறது. இறகுப் பேனாவால் முடிந்த காரியம் கம்ப்யூட்டரால் முடியாதா?

2022-இல் முழு உருவில் வெளிவந்த ‘பேனர்லார்டு’ என்ற அடுத்த விளையாட்டில் ஒரு மாறுதல் செய்திருக்கிறார்கள். அதில் பிரபுக்களுக்கு வயதாகிறது. களத்தில் சாகவும் சாகிறார்கள். ஆடுகிறவர் இறந்தால் வாரிசு வந்து தொடரலாம். ஒரே களத்தில் ஆயிரம் பேர் மோதுவதைக் காட்டும் வசதியும் உண்டு. சாவு ஒருபடி மேலே ஏறியிருக்கிறது. பெயர்தான் இன்னும் ஒருபடி கீழே இறங்கவில்லை. அந்த ஆயிரம் பேரில் சாதாரணச் சிப்பாய்கள் இன்றைக்கும் ரகமும் எண்ணிக்கையுமாகவே இருக்கிறார்கள்.

என் யோசனை பெரிய செலவு பிடிக்காது. சேரும்போது ஒரு பெயர், ஓர் ஊர். அவன் விழுந்தால் பட்டியலில் அந்தப் பெயர். அடுத்த முறை அதே கிராமத்துக்கு ஆள் எடுக்கப் போனால், முன்பு வந்தவர்கள் எங்கே என்று ஊரில் ஒருவராவது கேட்க வேண்டும். பதில் சொல்லிவிட்டுத்தான் அடுத்த ஆளைக் கேட்க முடியும் என்று இருக்கட்டும். ஆட்டத்தின் சுவை இதனால் கெடாது. மேட்டை நோக்கிக் குதிரையை விரட்டுமுன் ஒரு கணம் கை தயங்கும்.

யுத்தத்தைக் குன்றிலிருந்து இறக்கிக் குதிரையின் முதுகுக்குக் கொண்டுவந்தவர்கள் இவர்கள். அது சிறிய சாதனை அல்ல. இன்னும் ஓர் ஆள் உயரம் இறங்கினால், காலாள் நிற்கும் தரைக்கே வந்துவிடலாம்.