‘கேஷ்’ நம்ம காசுதானா?

‘தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள்’ என்று ஒரு பட்டியல் வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி வருகிறது. மாணவர்களும் அதை அப்படியே கட்டுரையில் எழுதிடுறாங்க. கட்டுமரம் ‘கேட்டமரான்’ ஆனது, சுருட்டு ‘செரூட்’ ஆனது எல்லாம் சரிதான். ‘கேஷ்’தான் சிக்கல்.

நல்ல ஆங்கில அகராதியைத் திறந்து பாருங்க; கேஷ் இரண்டு தனிச் சொற்களாக இருக்கும். கடையில் நாம் கொடுக்கிற ரொக்கம், பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொல் வழி வந்தது. மூலம் லத்தீன். பெட்டியின் பெயர் உள்ளிருக்கும் பணத்துக்கு ஆகிவந்தது. (ஏறக்குறைய நம்ம இடவாகுபெயர்தான்!)

இன்னொரு கேஷ், சிறு நாணயம். அதுதான் நம்ம காசு. போர்ச்சுகீசியர் வாய்வழி ஆங்கிலத்துக்குப் போனது. கிழக்கிந்தியக் கம்பெனி மதராஸுக்காக 1808-இல் அடித்த செப்பு நாணயத்தில் ‘20 கேஷ்’ என்றே பொறித்திருக்கிறது. 80 கேஷ் ஒரு பணம். நடுவில் துளையுள்ள சீனக் காசையும் ஆங்கிலேயர் இந்தப் பெயரால்தான் அழைத்தார்கள்.

இவ்வளவு சுவையான கதையை விட்டுவிட்டு, ஒலி ஒத்துப்போகுதுன்னு ரொக்கத்தையும் நம்ம கணக்கில் சேர்த்துவிடுகிறது பட்டியல். தேர்வில் எழுதுவதானால், ‘கேஷ் என்னும் பழைய நாணயப் பெயர்’ என்று எழுதச் சொல்லுங்கள்.