நார்டிக் அப்பியாசத்தின் பயனும் எல்லையும்

ஓடுகின்ற மனிதனின் கால் முன்னோக்கி வீசப்பட்டு, பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பான அந்தக் கணத்தில், தொடையின் பின்புறத்துத் தசைகள் தாமும் நீண்டுகொண்டு, முன்னே விரையும் காலையும் இழுத்து நிறுத்த வேண்டிய இரட்டைப் பணிக்கு ஆளாகின்றன. மெல்லோட்டத்தில் இது அவற்றுக்குப் பாரமாவதில்லை. முழு வேகத்தில் பாய்ந்தோடும்போதோ அவற்றின்மீது ஏறும் பளு பன்மடங்காகிறது. ஓடிக்கொண்டிருந்த ஆட்டக்காரர் சட்டென்று தொடையின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு நொண்டுவதும், ‘ஹாம்ஸ்ட்ரிங் போய்விட்டது’ என்று சுற்றியுள்ளோர் பதறுவதும் பெரும்பாலும் இத்தகைய பாய்ச்சலின்போதுதான். 1999 ஏப்ரல் 12 அன்று லீட்ஸ் நகரத்து எல்லண்ட் ரோடு மைதானத்தில் பந்தைத் துரத்தியோடுகையில் இவ்வாறே தசை கிழிந்த இங்கிலாந்துக் கால்பந்து வீரர் மைக்கேல் ஓவனுக்கு அப்போது வயது 19. பின்னர் அவர் 2001-ஆம் ஆண்டுக்கான பாலோன் தோர் விருதையே பெற்றார் எனினும், அன்று கிழிந்த தசையோடு தம் பழைய வேகமும் போயிற்று என்று பிற்காலத்தில் தாமே வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார். பத்தொன்பது வயதில் நேர்ந்த ஒரு காயம் ஒருவருடைய ஆட்ட வாழ்வு முழுவதன்மீதும் நிழல் விழுத்தக்கூடுமாயின், அதைத் தடுப்பதற்கென்று சொல்லப்படும் எந்த உபாயத்தையும் சிரத்தையோடு ஆராய்வது நம் கடமையாகிறது.

அத்தகைய உபாயங்களுள் இன்று முதலிடம் பெற்றிருப்பது நார்டிக் அப்பியாசம். இதற்குக் கருவி எதுவும் வேண்டுவதில்லை, பயிற்சிக்கூடமும் வேண்டுவதில்லை. ஒருவர் தரையில் முழங்காலிட்டு நிமிர்ந்து நிற்கிறார். இன்னொருவர் அவர் பின்னால் குந்தி, இரு கணுக்கால்களையும் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொள்கிறார். முன்னவர் இடுப்பை வளைக்காமல், முழங்கால் முதல் தோள்வரை ஒரே கோடாக உடம்பை வைத்துக்கொண்டு, மெல்ல மெல்ல முன்னால் சாய்கிறார். சாயச் சாயத் தொடையின் பின்தசைகள் இறுகி நடுங்கத் தொடங்குகின்றன. எவ்வளவு தாமதிக்க முடியுமோ அவ்வளவு தாமதித்து, இனித் தாங்காது என்ற நிலையில் இரு உள்ளங்கைகளையும் ஊன்றி, மார்பு மண்ணைத் தொட விழுந்து, கைகளால் உந்தி மீண்டும் எழுகிறார். காண்பதற்கு எளிது, ஆனால், பழக்கமில்லாதவர் முதன்முறை செய்யும்போது பாதித் தூரம் சாய்வதற்குள் உடம்பு கட்டுக்குள் நில்லாமல் தொப்பென்று விழுந்துவிடும்.

இந்த அப்பியாசத்தின் சிறப்பு, தசை சுருங்கும்போது உள்ள வலிமையை விடுத்து, நீளும்போது தாங்கும் வலிமையை வளர்ப்பதில் இருக்கிறது. 2004-இல் நார்வே ஆராய்ச்சியாளர்கள் கால்பந்து வீரர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு இதனையும், மற்றவருக்குப் பயிற்சிக்கூடங்களில் வழக்கமாகச் செய்யப்படும் கால்மடக்குப் பயிற்சியையும் பத்து வாரம் அளித்துப் பார்த்தபோது, முதற்பிரிவினரின் தாங்கும் வலிமை 11 சதவீதம் உயர்ந்தது; மற்றவரிடம் அவ்வாறான உயர்வு காணப்படவில்லை. காயம் நேர்வதும் நீளும் நிலையில்தான், வலிமை வளர்வதும் நீளும் நிலையில்தான் என்னும் இந்தப் பொருத்தமே பின்வந்த ஆராய்ச்சிகளுக்கெல்லாம் அஸ்திவாரமாயிற்று.

வலிமை கூடுவது வேறு, காயம் குறைவது வேறு அல்லவா? இரண்டாவதற்குச் சான்றாக 2011-இல் டென்மார்க்கிலிருந்து வெளிவந்த ஆராய்ச்சி இத்துறையில் ஒரு திருப்பம் என்றே சொல்லவேண்டும். அந்நாட்டுக் கால்பந்தின் முதல் ஐந்து பிரிவுகளைச் சேர்ந்த 50 அணிகள், 942 ஆட்டக்காரர்கள். குலுக்கல் முறையில் அணிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்குப் பத்து வாரத்தில் 27 அமர்வுகள் இவ்வப்பியாசத்தை அளித்தார்கள். அளவும் பதமாக ஏற்றப்பட்டது: முதல் வாரத்தில் ஒரே அமர்வு, அதிலும் ஐந்து ஐந்தாக இருமுறை மட்டும், பிறகுதான் படிப்படியாக வாரத்துக்கு மூன்று அமர்வுகள். அந்த ஆண்டில் பயிற்சி பெறாத சாராரிடம் 52 காயங்களும் பெற்றவரிடம் 15 காயங்களும் பதிவாயின. முன்பே ஒருமுறை காயமுற்றவர்களிடம் பலன் இன்னும் பெரிதாக இருந்தது. அவர்களில் நூறு பேருக்கு ஓராண்டில் 45.8 என்றிருந்த மறுகாயம் 7.1 ஆகக் குறைந்தது. ஒரு முறை கிழிந்த தசை மீண்டும் கிழிவதே இக்காயத்தின் மிகக் கொடிய குணம் என்பதை அறிந்தவர்கள் இந்த எண்ணின் அருமையை உணர்வார்கள். 2015-இல் நெதர்லாந்தின் 40 அமெச்சூர் அணிகளில் நடந்த ஆராய்ச்சியும் இதே திசையில்தான் சென்றது. எனினும் அதில் இன்னொரு செய்தியும் உண்டு: காயங்களின் எண்ணிக்கை குறைந்ததேயன்றி, நேர்ந்துவிட்ட காயங்களின் கடுமை குறையவில்லை.

இவ்வாறு நன்மை ஏற்படுவதற்குரிய காரணத்தை உடற்கூற்றிலும் தேடியிருக்கிறார்கள். ஆஸ்திரேலியத் தொழில்முறைக் கால்பந்து வீரர்களை ஆராய்ந்த 2016-ஆம் ஆண்டு ஆய்வொன்று, பின்தொடைத் தசையின் இழைக்கற்றைகள் குட்டையாக இருப்பவர்களுக்குக் காயம் நேரும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு என்று கண்டது. நார்டிக் அப்பியாசம் அக்கற்றைகளை நீளச் செய்கிறது என்பது பல சோதனைகளில் தெளிவாயிருப்பதால், வலிமையும் நீளமும் சேர்ந்தே காப்பாகின்றன என்ற விளக்கம் ஏற்புடையதாகவே தோன்றுகிறது.

இத்தனை சான்றும் சேர்ந்தபின், 8,459 ஆட்டக்காரர்களை உள்ளடக்கிய 15 ஆராய்ச்சிகளைத் திரட்டிய 2019-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, இவ்வப்பியாசம் காயங்களைப் பாதியாகக் குறைக்கிறது என்று அறிவித்தது. ‘பாதி’ என்ற அச்சொல் பயிற்சியாளர் மகாநாடுகளிலும் பாடப்புத்தகங்களிலும் மந்திரம்போல் பரவிற்று. அந்தப் புகழ்ச்சியை அப்படியே ஏற்பதற்கு எனக்குத் தயக்கம் உண்டு. தொகுக்கப்பட்ட ஆராய்ச்சிகளுள் சிலவற்றில் நார்டிக் அப்பியாசம் தனித்து அளிக்கப்படவில்லை. சமநிலைப் பயிற்சி, ஓட்டப் பயிற்சி, தாவற்பயிற்சி முதலியவை அடங்கிய பெரிய திட்டமொன்றின் ஓர் உறுப்பாகவே அது இருந்தது. பலவும் சேர்ந்து விளைத்த பலனை ஒன்றன் கணக்கில் வரவு வைப்பது முறையாகாது. 2021-இல் இம்பெல்லிஸெரி என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் இக்குறையைச் சுட்டிக்காட்டி, கலப்பில்லாத குலுக்கல் சோதனைகளை மட்டும் பிரித்தெடுத்துக் கணித்தபோது, எஞ்சியவை சிலவே; அவையும் தம்முள் ஒத்துப்போகவில்லை. அடுத்தொரு புதிய அணியில் இதனைப் புகுத்தினால் பெரும் பயன் விளையலாம், ஒன்றும் விளையாமலும் போகலாம் என்னும்படி முடிவின் எல்லைகள் அகன்று கிடந்தன. ஆகவே, சான்று முடிவானதன்று என்பதே அவர்களுடைய தீர்ப்பு.

இத்தீர்ப்பைக் கேட்டு அப்பியாசமே வீண் என்று சொல்லத் துணிபவர்களோடும் நான் உடன்படவில்லை. சோதனைகள் ஏன் தம்முள் மாறுபட்டன என்பதை நிதானமாக நோக்கினால், உண்மை வேறொரு பக்கத்திலிருந்து வெளிப்படும். 2006-இல் ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தாடும் உள்ளூர்க் கழகங்களில் 220 பேரிடம் நடந்த சோதனையில் குறிப்பிடத்தக்க பலன் காணப்படவில்லை என்பது மெய்யே. ஆனால், அங்கே அளிக்கப்பட்டது என்ன? ஓர் அமர்வில் ஆறு ஆறாகப் பன்னிரண்டு முறை, அதாவது 72 சாய்வுகள்! நீண்டபடி பளுவைத் தாங்கிப் பழகாத தசை, அத்தகைய உழைப்புக்குப் பின் ஒரு நாள், இரண்டு நாள் கழித்துக் கடுமையாக வலிக்கும் என்பது யாவரும் அறிந்தது. படியேறவும் உட்காரவும் சிரமப்படுகின்ற ஒருவர் அடுத்த அமர்வுக்கு வருவாரா? மொத்தம் ஐந்து அமர்வுகளுள் இரண்டையேனும் முடித்தவர்கள் பாதிக்கும் குறைவு. 2008-இல் நார்வேயில், காய அபாயம் மிகுந்தவர்களைத் தேர்ந்து தாமாகவே செய்துகொள்ளும்படி விட்ட சோதனையில், பின்தொடைப் பயிற்சியை ஒழுங்காகச் செய்தவர் ஐந்தில் ஒருவரே. அங்கும் பலன் இல்லை. பலன் கண்ட டென்மார்க், நெதர்லாந்து ஆராய்ச்சிகளிலோ அமர்வுகளில் பத்துக்கு ஒன்பது நிறைவேறின. அருந்தாத மருந்தின்மீது பழி சுமத்துவது எங்ஙனம் பொருந்தும்?

இங்கே டென்மார்க் ஆராய்ச்சியின் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்கவேண்டும். பனிக்காலத்தில் அந்நாட்டில் பந்தயங்கள் பல வாரம் நின்றுபோகும். பத்து வாரப் பயிற்சி அந்த இடைவேளையில்தான் நடந்தது. மறுநாள் வலித்தால், மறுநாள் ஆட்டம் இல்லை. வாரத்துக்கு இரண்டு ஆட்டங்கள் ஆடி, இடையிலுள்ள நாட்களில் விமானத்தில் பறந்துகொண்டிருக்கும் பெருங்கழகத்து வீரருக்கு அந்த வசதி எங்கே? 2012 முதல் 2014 வரை ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக் போட்டியில் ஆடும் கழகங்கள் 32-இலும் நார்வேயின் முதற்பிரிவுக் கழகங்கள் 18-இலும் விசாரித்தபோது, இத்திட்டத்தை முழுமையாகப் பின்பற்றியவை 10.7 சதவீதம் மட்டுமே, 83.3 சதவீதம் அறவே பின்பற்றவில்லை. அக்காலத்தை உள்ளடக்கிய இருபது ஆண்டுகளில் ஐரோப்பியப் பெருங்கழகங்களில் பின்தொடைக் காயங்கள் பெருகிக்கொண்டே போயின: 2001-02 பருவத்தில் மொத்தக் காயங்களில் 12 சதவீதமாக இருந்தவை, 2021-22 பருவத்தில் 24 சதவீதம். பின்பற்றாமைக்குப் பயிற்சியாளர்களின் அலட்சியத்தையும் ஆட்டக்காரர்களின் சோம்பலையும் காரணம் காட்டுவது சுலபம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. சாம்பியன்ஸ் லீக்கின் முதற்கட்டத்தில் ஓர் அணிக்கு ஆறாக இருந்த ஆட்டங்களை 2024-இல் எட்டாக உயர்த்தியவர்களும், 2025-இன் கோடை ஓய்வில் 32 கழகங்களின் உலகக் கோப்பையைக் கொண்டுவந்து வைத்தவர்களும் ஆட்டக்காரர்கள் அல்லர். ஓய்வு நாட்களைப் பறித்துவிட்டு, தடுப்புப் பயிற்சியை ஏன் செய்யவில்லை என்று கேட்பது அநீதி.

இனி, அப்பியாசத்தினுள்ளேயே அடங்கிய குறைகளைப் பார்ப்போம். பாய்ந்தோடும்போது பெரும்பாலும் கிழிவது தொடையின் வெளிப்பக்கமுள்ள இருதலைத் தசையின் நீண்ட தலை. நார்டிக் அப்பியாசமோ உட்பக்கத்திலுள்ள அரைநாண் தசையைத்தான் அதிகம் பருக்கச் செய்கிறது என்பதை ஸ்கேன் படங்களின் வழியே ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 2017-இல் காட்டினார்கள். இடுப்பை நீட்டி மடக்கும் வேறொரு பயிற்சி, கிழியும் அந்தத் தசையையே கூடுதலாக வளர்த்தது. மேலும், இவ்வப்பியாசத்தில் இடுப்பு நிமிர்ந்தே இருப்பதால் தசை தன் முழு நீளத்தை எட்டுவதில்லை. ஓட்டத்திலோ இடுப்பு மடங்கியிருக்க, தசை மிக நீண்ட நிலையில் பளுவைத் தாங்கவேண்டும். காயமுற்றவர் தேறிவரும் சிகிச்சையில் இவ்வேறுபாடு முக்கியமானது. சுவீடனில் ஆஸ்க்லிங் என்பவர் 75 உயர்நிலைக் கால்பந்து வீரர்களிடம் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தசையை நீட்டியபடி பளு ஏற்றும் மூன்று எளிய பயிற்சிகளைச் செய்தவர்கள் சராசரி 28 நாளில் களம் திரும்பினர். வழக்கமான பயிற்சி செய்தவர்களுக்கு 51 நாள் ஆயிற்று. அம்மூன்றில் நார்டிக் அப்பியாசம் இல்லை. அன்றியும், சாயும் வேகம் எங்கே, பாயும் வேகம் எங்கே! முழுவேக ஓட்டத்தைத் தவிர்த்து, தரையில் முழங்காலிட்டுச் செய்யும் பயிற்சியை மட்டும் நம்பிக் களமிறங்கும் ஆட்டக்காரரின் தசை, பந்தயத்தில்தான் முதன்முறையாக முழுப் பளுவைச் சந்திக்கும், அது ஆபத்து. வாரந்தோறும் அளவாகச் சில முழுவேக ஓட்டங்கள் ஓடுவதற்கு ஈடாக வேறெதையும் நான் கருதமாட்டேன்; நார்டிக் அப்பியாசம் அதற்குத் துணை நிற்கட்டும்.

குறைகளுள் தீர்க்கக்கூடியது ஒன்று உண்டு. அதுவே நடைமுறையில் மிகப் பெரிது. 2018-இல் வெளிவந்த சிறிய சோதனையொன்றில், தொடக்கத்தில் இரண்டு வாரம் அதிகமாகச் செய்துவிட்டுப் பின் வாரத்துக்கு ஒரே அமர்வு, எட்டே எட்டுச் சாய்வுகள் என்று குறைத்துக்கொண்டவர்களுக்கும், மிகுதியாகச் செய்துகொண்டே போனவர்களுக்கும் வலிமையிலும் கற்றை நீளத்திலும் ஒத்த முன்னேற்றமே கிடைத்தது. பயிற்சியை நிறுத்திய இரண்டே வாரத்தில் கற்றைகள் பழைய நீளத்துக்குத் திரும்பிவிட்டன என்பதும் அதே சோதனையில் தெரிந்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பருவத் தொடக்கத்தில் ஒரு மாதம் வருந்திச் செய்துவிட்டுப் பின் மறந்துபோவதில் பயனில்லை என்பதும், ஆண்டு முழுதும் வாரத்துக்கு ஐந்து நிமிஷம் ஒதுக்கினால் போதுமாகலாம் என்பதும் விளங்கும். ஆட்டம் முடிந்து அடுத்த ஆட்டத்துக்கு மிக அதிக இடைவெளி உள்ள நாளைத் தேர்ந்து அந்த எட்டுச் சாய்வுகளை வைத்துவிட்டால், வலியைக் காரணம் காட்டி விலகுவதற்கும் இடமிராது. இவ்வளவு குறைந்த அளவு வலிமையையும் நீளத்தையும் காப்பதோடு காயத்தையும் உள்ளபடியே தடுக்கிறதா என்பதை ஒரு பெரிய குலுக்கல் சோதனையால் நிறுவவேண்டியதே இத்துறையினர் முன் உள்ள அடுத்த வேலை.

அச்சோதனையில் பெண்கள் இடம்பெறவேண்டும் என்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மேலே கூறிய சோதனைகள் பெரும்பாலும் ஆடவரிடமே நடந்தவை. பெண்கள் கால்பந்து தொழில்முறை ஆட்டமாக வேகமாக வளர்ந்துவரும் இந்நாளில், ஆடவரிடம் பெற்ற எண்களை அவர்கள்மீது அப்படியே ஏற்றிச் சொல்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அணியின் மருத்துவரோ பயிற்சியாளரோ ஓர் இளம்பெண்ணிடம், ‘இதைச் செய்தால் உன் காயம் பாதியாகக் குறையும்’ என்று உறுதி கூறுவாராயின், அவர் தம் கையில் இல்லாத ஒன்றை வாக்களிக்கிறார். ‘இது பெரும்பாலும் நன்மை தரும், தீங்கு சிறிது, வாரந்தோறும் விடாமல் செய், வேகமாக ஓடுவதையும் விடாதே’ என்று சொல்வாராயின், இன்றைய சான்று அனுமதிக்கும் எல்லைக்குள் நின்று பேசுகிறார்.