செவிலியின் பயணமும் நற்றாயின் மௌனமும்: ஆப்பிரிக்கத் தத்தெடுப்பு எழுத்துகளில் கூற்றுரிமை

அயல்நாடு சென்று குழந்தையைத் தத்தெடுத்து வருதல் என்பது அண்மைப் பத்தாண்டுகளில் ஆங்கிலத்தில் தனியொரு பயண எழுத்து வகையாகவே உருப்பெற்றுள்ளது. அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் தம்பதியர் புறப்படுகின்றனர், ஆவணங்களுக்காகக் காத்திருக்கின்றனர், அடிஸ் அபாபாவிலோ லிலோங்வேயிலோ வந்திறங்குகின்றனர், காப்பகத்தின் கதவு திறக்கிறது, குழந்தையை ஏந்திக்கொண்டு விமானம் ஏறுகின்றனர். இவ்வமைப்பில் பயணத்தின் முடிவு குழந்தை. பெரும்பாலும் நூலின் முடிவும் அதுவே. பெற்றவளின் வாழ்வில் அந்நாள் ஓர் இழப்பின் தொடக்கம் என்பது இவ்வமைப்பிற்குள் எளிதில் இடம்பெறுவதில்லை. இவ்வெழுத்துகளில் பேசுவோர் யாவர், பேசப்படுவோர் யாவர் என்பதை அகப்பொருள் மரபின் கூற்றுக் கோட்பாட்டைக் கருவியாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கூற்றும் கூற்றின்மையும்

தொல்காப்பியச் செய்யுளியல் கூற்றுக்கு உரியோரை வரையறுப்பதோடு அமையாது, கூற்றில்லாதோரையும் வரையறுக்கின்றது. ஊரார், அயலார், சேரியார், தந்தை, தமையன்மார் முதலியோர் அகப்பாடலுள் இடம்பெறலாம். ஆயின் அவர்கள் நேரே பேசுவதில்லை. அவர்தம் சொல்லைப் பிறர் கொண்டெடுத்து மொழிவர். ஒருவர் பாடலுக்குள் இருப்பதும் அவருக்குக் கூற்று இருப்பதும் வேறு வேறு என்னும் நுட்பம் இங்குப் பெறப்படுகிறது.

இம்மரபில் நற்றாய்க்கும் செவிலிக்கும் தனித்தனியே கூற்று உண்டு. உடன்போக்கில் மகள் சென்றபின் மனையிலிருந்து புலம்புபவள் நற்றாய். சுரத்திடை நடந்து எதிர்ப்படுவோரை வினவுபவள் செவிலி. ஈன்றவளும் வளர்த்தவளும் ஒரே மகளைக் குறித்து இருவேறு குரலில் பேச மரபு இடமளித்துள்ளது. பாலைக்கலியில் (கலி. 9) வினவி வரும் செவிலியை ஆற்றுவிக்கும் அந்தணர், சந்தனம் தான் பிறந்த மலைக்கும் முத்துத் தான் பிறந்த நீருக்கும் பயன்படாமையைச் சுட்டுகின்றனர். பிறந்த இடத்திற்கன்றிச் சென்ற இடத்திற்கே உரியது என்னும் இவ்வாதம், தத்தெடுப்பு முகமைகளின் விளம்பர மொழிக்கு வியப்பூட்டும் அளவிற்கு நெருங்கியது. ஆயின் கலித்தொகையில் அது, தேடி வந்து கேட்டவளுக்குக் கூறப்பட்ட விடை. மகளும் தானே விரும்பிச் சென்றவள்.

ஒரு செவிலியின் வரலாறு

மெலிசா ஃபே கிரீன் எழுதி 2006ஆம் ஆண்டு வெளிவந்த ‘தேர் இஸ் நோ மீ வித்தவுட் யூ’ (நீயின்றி நானில்லை என்பது பொருள்) இவ்வகை நூல்களுள் தலையாயது. எத்தியோப்பியாவிலிருந்து குழந்தைகளைத் தத்தெடுத்த இதழாளர் இவர். எனினும் தம் பயணத்தை நடுவில் வைக்காது, அடிஸ் அபாபாவில் வாழ்ந்த ஹரகெவொய்ன் தெஃபெரா என்னும் கைம்பெண்ணின் வரலாற்றை நடுவில் வைத்தார். கணவரையும் பின்னர் மகளையும் இழந்த ஹரகெவொய்ன் உலக வாழ்வை விட்டு ஒதுங்கக் கருதியிருந்த நிலையில், பெற்றோரற்ற பிள்ளைகளை ஏற்குமாறு வேண்டப்படுகிறார். ஓரிருவர் வருகின்றனர். எய்ட்ஸ் நோயால் குடும்பங்கள் சிதைந்துகொண்டிருந்த காலம் அது. சில ஆண்டுகளில் அவருடைய வளாகம் குழந்தைகளால் நிரம்பி வழிகிறது. அங்கிருந்து சிலர் அயல்நாட்டுக் குடும்பங்களுக்குச் செல்கின்றனர்.

இந்நூலின் தனிச்சிறப்பு இரண்டு. முதலாவது, செவிலியைப் புனிதப்படுத்தாமை. ஹரகெவொய்ன் மீது எழுந்த குற்றச்சாட்டுகளும் அவர் காவலில் வைக்கப்பட்டதும் நூலில் மறைக்கப்படவில்லை. புகழ் வந்தபின் அவரிடம் நேர்ந்த மாற்றங்களையும் கிரீன் எழுதுகிறார். இரண்டாவது, குழந்தைகளின் நிலைக்கு விதியைக் காரணமாகக் காட்டாமல் மருந்தின் விலையைக் காரணமாகக் காட்டுவது. செல்வ நாடுகளில் நோயாளிகள் உயிர்வாழத் தொடங்கிய பின்னும் ஆப்பிரிக்காவில் பெற்றோர் மடிந்தமைக்குக் காப்புரிமையும் விலையும் காரணமாயின என்னும் வாதம் கதையோட்டத்தை இடைநிறுத்தி விரிகின்றது. இப்பகுதிகள் கதைச்சுவையைக் குறைக்கின்றன என்பார் உளர். உண்மையில் இந்நூலை இரக்க எழுத்தின் நிலையிலிருந்து உயர்த்துவன இப்பகுதிகளே. ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கும் மேல் விற்ற மருந்துக் கூட்டை 350 டாலருக்குத் தர மும்பையைச் சேர்ந்த சிப்லா நிறுவனம் 2001இல் முன்வந்த செய்தியை அறிந்த இந்திய வாசகர் இப்பகுதிகளின் கனத்தை எளிதில் உணர்வர்.

ஆயினும் கூற்று நோக்கில் நூலை அணுகும்போது ஒரு வெற்றிடம் புலனாகிறது. செவிலியாகிய ஹரகெவொய்ன் விரிவாகப் பேசுகிறார். பயணியாகிய ஆசிரியர் பேசுகிறார். குழந்தைகளும் பேசுகின்றனர். பெற்றோரும் உறவினரும் வாயிலுக்கு வருகின்றனர், பிள்ளையை ஒப்படைக்கின்றனர், அகல்கின்றனர். நூலில் அவர்கள் உளர். ஆனால் அவர்கள் சொல் பெரிதும் கொண்டெடுத்து மொழியப்படுவதே. 2006இல் வெளிவந்த நூலுக்கு இதனை முழுக் குறையாகக் கொள்ளுதல் முறையன்று. பேச வேண்டியோருள் பலர் இறந்துவிட்டிருந்தனர். நற்றாயின் மௌனம் அங்குப் பெருமளவு சாவின் மௌனம்.

மருந்து வந்த பின்

எத்தியோப்பியாவில் எய்ட்ஸ் நோய்க்கான மருந்து 2005 முதல் இலவசமாக வழங்கப்படலாயிற்று. நோயுற்ற தாய்மார் உயிர்வாழத் தொடங்கினர். அயல்நாட்டுத் தத்தெடுப்போ அதன்பின்னர்தான் உச்சத்தை எட்டியது. 2010ஆம் நிதியாண்டில் மட்டும் சுமார் 2,500 எத்தியோப்பியக் குழந்தைகள் அமெரிக்கா சென்றனர். சாவின் காலத்தில் உருவான கதை வடிவம், சாவு குறையத் தொடங்கிய பின்னும் மாறாமல் தொடர்ந்தது. தாய் இறந்ததனால் பேசாத கதை, தாய் இருந்தும் பேசாத கதையாயிற்று.

இதனைக் கண்கூடாகக் காட்டுவது காட்ரினே ரீஸ் கியேர் இயக்கிய ‘மெர்சி மெர்சி’ (2012) என்னும் டேனிய ஆவணப்படம். எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளான எத்தியோப்பியத் தம்பதியர் தாம் நெடுநாள் வாழப்போவதில்லை என நம்பித் தம் இளம்பிள்ளைகள் இருவரை டேனியத் தம்பதியருக்குக் கொடுக்கின்றனர். பிள்ளைகளைப் பற்றிய செய்தி தவறாது வரும் எனவும் நம்புகின்றனர். மருந்தினால் அவர்கள் இறக்கவில்லை. செய்தியும் வரவில்லை. டென்மார்க்கில் மூத்த மகள் புதிய வீட்டோடு பொருந்த இயலாமல், இறுதியில் அரசு சார்ந்த காப்பகத்தில் விடப்படுகிறாள். படக்கருவி டேனிய வீட்டோடு நின்றுவிடாமல் எத்தியோப்பிய வீட்டிற்கும் மீண்டும் மீண்டும் திரும்புகிறது. கேள்வி கேட்கும் நற்றாய் அங்குத் திரையில் நேரே பேசுகிறாள். பயண எழுத்தில் குழந்தையை ஏந்தும் காட்சி உச்சம்; இப்படத்தில் அதே காட்சி தொடக்கப் பகுதியில் வந்துவிடுகிறது. நிகழ்ச்சி வரிசையை இவ்வாறு மாற்றியமையே இப்படம் செய்த திறனாய்வு எனலாம்.

‘அனாதை’ என்னும் சொல்

நற்றாயைக் கதையிலிருந்து நீக்குவதில் ஒரு சொல்லுக்குப் பெரும்பங்கு உண்டு. பெற்றோரில் ஒருவரையோ இருவரையுமோ இழந்த பதினெட்டு வயதிற்குட்பட்டோர் அனைவரையும் யுனிசெஃப் போன்ற அமைப்புகள் தம் கணக்கீட்டில் ஒரே ஆங்கிலச் சொல்லால் குறித்து வந்துள்ளன. தந்தையை மட்டும் இழந்து தாயோடு வாழும் பிள்ளையும் அக்கணக்கில் அடங்கும். தமிழ் நாளிதழ்கள் அச்சொல்லை ‘அனாதை’ என்றே பெயர்க்கின்றன. நாதன் அற்றவர், காப்பார் இல்லாதவர் என்பது அதன் பொருள். கணக்கெடுப்பின் சொல் தமிழில் ஆதரவின்மையின் சொல்லாகி, தாயை ஒரே பெயர்ப்பில் இல்லாமற் செய்துவிடுகிறது. ‘தந்தையை இழந்த பிள்ளை’, ‘தாயை இழந்த பிள்ளை’ என விரித்தெழுதத் தமிழில் தடையொன்றுமில்லை.

சொல் நிகழ்ச்சியாக மாறியதற்குச் சாட் நாட்டில் 2007 அக்டோபரில் நடந்தது சான்று. சூடானின் டார்ஃபூர் போரில் பெற்றோரை இழந்தோர் எனக் கூறி 103 குழந்தைகளை விமானத்தில் ஏற்ற முயன்ற ‘லார்ஷ் த ஸோயே’ என்னும் பிரெஞ்சு அமைப்பினர் கைது செய்யப்பட்டனர். ஐ.நா. அமைப்புகளும் செஞ்சிலுவைச் சங்கமும் குழந்தைகளிடம் பேசியபோது அவர்களுள் 91 பேர், தாம் பெற்றோராகக் கருதும் பெரியவர் ஒருவரேனும் உள்ள வீட்டில் வாழ்ந்ததாகக் கூறினர். காயமற்ற குழந்தைகளுக்குக் கட்டுப் போடப்பட்ட காட்சியை உடனிருந்த செய்தியாளர் ஒருவர் படம்பிடித்திருந்தார். இரக்கக் கதைக்கு வேண்டிய உறுப்பு கிடைக்காதபோது அது செய்துகொள்ளப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் அறுவருக்கு எட்டாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. 2008 மார்ச்சில் சாட் குடியரசுத் தலைவர் அவர்களுக்கு மன்னிப்பு வழங்கினார்.

மலாவியில் சிக்கல் வேறு வகையில் எழுந்தது. 2006இல் பாடகி மடோனா அந்நாட்டிலிருந்து ஒரு குழந்தையை அழைத்துச் சென்றபோது, தத்து என்பது நிலையாகக் கொடுத்துவிடுதல் எனத் தாம் புரிந்துகொள்ளவில்லை என்று அக்குழந்தையின் தந்தை செய்தியாளரிடம் கூறினார். 2009இல் மற்றொரு குழந்தைக்கான விண்ணப்பத்தை, விண்ணப்பதாரர் நாட்டில் வாழ்பவராக இருத்தல் வேண்டும் என்னும் விதியைக் காட்டி உயர்நீதிமன்றம் மறுத்தது. அவ்வாண்டு ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அவர் வெறுமனே வந்துசெல்பவர் அல்லர் எனக் கூறி அனுமதித்தது. பயணி யார், வாழ்பவர் யார் என்னும் இலக்கிய வினா அங்குச் சட்ட வினாவாயிற்று.

மலாவித் தந்தை கூறியதை அறியாமை என ஒதுக்குதல் பொருந்தாது. எத்தியோப்பியாவின் ஒரோமோ மக்களிடம் ‘குடிஃபச்சா’ என்னும் தத்து வழக்கம் தொன்றுதொட்டு உண்டு. அதில் பிள்ளை புதிய வீட்டின் முழு உரிமை பெறும்; பெற்றோருடனான உறவும் அறுவதில்லை. இத்தகைய வழக்கங்கள் உள்ள மண்ணில், பிள்ளையை அயல்நாட்டிற்குக் கொடுத்த பலர் அதனைப் படிக்க அனுப்புவதாகவே கருதினர். ஒரே தாளில் கையொப்பமிட்ட இரு தரப்பினரும் இருவேறு கதைகளில் கையொப்பமிட்டனர். கபிலர் பாரி மகளிரை இருங்கோவேளிடம் அழைத்துச் செல்லும்போது (புறம். 201) அவர்கள் யாருடைய மக்கள் என்பதை முதலில் கூறிய பின்னரே தம் மக்கள் என உரிமை கொள்கிறார். அம்மகளிருக்கோ தனியே ஒரு பாடலே உண்டு (புறம். 112). பழைய உறவைச் சொல்வதனால் புதிய உறவு குறைவதில்லை என்பதற்கு இவ்வரிசைமுறை நல்ல சான்று.

எத்தியோப்பியா 2018 ஜனவரியில் அயல்நாட்டுத் தத்தெடுப்பைச் சட்டத்தால் தடைசெய்தது. இதனை ஆப்பிரிக்காவிற்கு மட்டுமே உரிய செய்தியாக இந்திய வாசகர் ஒதுக்கிவிட இயலாது. இந்தியாவும் பிள்ளைகளை அயல்நாட்டிற்கு அனுப்பிய நாடே. இலட்சுமி காந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் 1984இல் நெறிமுறைகள் வகுக்க நேர்ந்ததும் அதனாலேயே.

திரும்பிச் செல்வோர்

மூவர் கூற்றையும் ஒருங்கே அமைத்த படைப்பும் உண்டு. ஸ்காட்லாந்தியக் கவிஞர் ஜாக்கி கே, நைஜீரியத் தந்தைக்கும் ஸ்காட்லாந்தியத் தாய்க்கும் எடின்பரோவில் 1961இல் பிறந்து, வெள்ளையினத் தம்பதியரால் தத்தெடுக்கப்பட்டவர். எல்லை கடந்த தத்து அன்று அது. ஆயினும் அவருடைய ‘தி அடாப்ஷன் பேப்பர்ஸ்’ (1991) கூற்றமைப்பில் ஒரு முன்மாதிரி. மகள், வளர்த்த தாய், ஈன்ற தாய் ஆகிய மூவர் குரலும் மூவகை அச்செழுத்துகளால் வேறுபடுத்தப்பட்டு மாறிமாறி ஒலிக்கின்றன. நற்றாயின் குரலைக் கவிஞர் கற்பனையால் அமைத்தார் என்பது உண்மை. அகப்பாடல்களிலும் நற்றாய் கூற்று புலவர் அமைத்ததே. அவருடைய ‘ரெட் டஸ்ட் ரோடு’ (2010) என்னும் தன்வரலாறு பயணத்தின் திசையைத் திருப்புகிறது. இங்கு ஆப்பிரிக்காவிற்குச் செல்பவர் வளர்ந்துவிட்ட பிள்ளை. நைஜீரியாவின் அபுஜா நகர விடுதியறையில் முதன்முறை சந்திக்கும் தந்தை மகளை அணைத்துக்கொள்வதற்கு மாறாக, நெடுநேரம் இறைவேண்டல் செய்கிறார். அவளைத் தம் பழம் பாவமாகக் காண்கிறார். மீட்சிக் கதைக்குப் பழகிய வாசகருக்கு இப்பகுதி அதிர்ச்சியளிக்கும். அதனைக் கே நகைச்சுவையோடு எழுதியிருப்பது துயரை மிகுவிக்கிறது.

எத்தியோப்பியாவிலிருந்து தத்துக் கொடுக்கப்பட்டுப் பல நாடுகளில் வளர்ந்தோரின் எழுத்துகள் ‘லயன்ஸ் ரோரிங் ஃபார் ஃப்ரம் ஹோம்’ என்னும் தொகுப்பாக 2022இல் வெளிவந்தன. தொகுத்தோருள் ஒருவர் அந்நாட்டுப் பிள்ளைகளை வளர்த்த தாய். பயண நூல்கள் முடிந்த இடத்தில் இத்தொகுப்பு தொடங்குகிறது. பெயர் மாற்றம், நிறவெறுப்பு, பெற்றோரைத் தேடுதல், மொழி இழப்பு ஆகியன இங்குப் பிள்ளையின் கூற்றாகவே வருகின்றன. தரத்தில் ஏற்றத்தாழ்வு உண்டு. சில பகுதிகள் நாட்குறிப்பின் நிலையைத் தாண்டவில்லை. எனினும் கொண்டெடுத்து மொழியப்பட்டோர் மொழிவோராக மாறியமை இலக்கிய வரலாற்றில் குறிக்கத்தக்கது.

நற்றாயின் கூற்று அதனால் முழுதும் கிடைத்துவிடவில்லை. மொழி இழப்பே இதற்குத் தலையாய காரணம். ஆறு வயதில் அம்ஹாரிக்கோ ஒரோமோவோ பேசிச் சென்ற பிள்ளை இருபது வயதில் திரும்பி வரும்போது ஆங்கிலமோ பிரெஞ்சோ மட்டுமே அறிந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் ஒரே அறையில் அமர்ந்திருக்க, நடுவில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அமர்கிறார். அச்சந்திப்பைப் பிள்ளை எழுதும்போது தாயின் சொல் இருமுறை கொண்டெடுத்து மொழியப்பட்டே அச்சுக்கு வருகிறது. முதலில் மொழிபெயர்ப்பாளரால், பின்னர் அவள் ஈன்ற பிள்ளையால்.